குடிக்காத மனிதர் செய்த சத்தியம்

தம்பி,

நலமா என்று கேட்க மாட்டேன். நலமில்லை என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அதனால்தானே ஒன்பது நாளாக என் போனை எடுக்காமல் இருக்கிறாய்! சரி, எடுக்காதே. "யார்கிட்டயும் சொல்லாதீங்கம்மா, கல்யாணம் முடியட்டும்" என்றாய். சொல்லிவிட்டேன். நேற்று தைப்பிங்குக்குப் போய், நீ கட்டிக்கொள்ளப் போகிற கலைவாணியிடமே நேரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இந்தக் கடிதத்தையும் உனக்கு மட்டும் அனுப்பப் போவதில்லை. நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடப் போகிறேன். உன் பெரியப்பா, சித்திமார், கோலாலம்பூர்க்காரர்கள், எல்லாரும் படிக்கட்டும். இதில் அவர்களுக்கும் பங்கிருக்கிறது. காலையிலிருந்து ஈப்போ குனோங் ராபாட் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன், காப்பி இரண்டு தடவை ஆறிப்போய்விட்டது. இவ்வளவு பாடுபட்டு எழுதுவதைப் பாதியில் மூடி வைக்காதே.

குழுவில் விஷயம் தெரியாதவர்களும் இருப்பதால் முதலிலிருந்தே வருகிறேன். உன் நிச்சயதார்த்தத்தன்று ஐயர் ஓலை வாசித்துக்கொண்டிருக்கும்போதே நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கிப்போனாய். பகல் பதினோரு மணி. "மாப்பிள்ளைக்கு இப்பவே கல்யாணக் கனவு வந்திருச்சு லா" என்று கலையின் மாமா கிண்டலடித்தார். மண்டபமே சிரித்தது, நீயும் எழுந்து அசடு வழிந்தாய். நான் சிரிக்கவில்லை. உன் தாடை மெல்ல நெஞ்சில் இறங்கியதையும், மூச்சு நின்று, ஒரு உறுமலோடு நீ திடுக்கிட்டு விழித்ததையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு முந்தின மாதம்தான் நீ இருக்கும் பினாங்கிலிருந்து ஓட்டி வந்த வழியில் உன் காடியை நெடுஞ்சாலைத் தடுப்பில் உரசிவிட்டு, "சும்மா கீறல்தாம்மா, மழைல வழுக்கிருச்சு" என்றாய். ஈப்போவில் அன்று சொட்டு மழையில்லை. தைப்பிங்கில் பெய்திருக்கும், அங்கேதான் எப்போதும் பெய்யுமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சமாதானம் சொல்லிக்கொள்வதில் நான் பழைய கை.

பிறகு ரத்த அழுத்த மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஒரு லாரி டிரைவர். ஒரு சீனப் பெண் டாக்டர், உன்னைவிட இளையவர், அங்கேயே நின்று அவரிடம் கேட்டார். குறட்டை உண்டா? காலையில் எழுந்ததும் தலை வலிக்குமா? வாய் காய்ந்து கிடக்குமா? ஆள் பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகுமா? காரணமில்லாமல் எரிந்து விழுவீர்களா? ஒவ்வொரு கேள்விக்கும் டிரைவர் யோசித்து யோசித்துப் பதில் சொன்னார். நானோ யோசிக்காமல் உள்ளுக்குள்ளேயே ஆமாம், ஆமாம், ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உனக்காகக்கூட இல்லை. இருபது வருஷத்துக்கு முன் செத்துப்போன உன் அப்பாவுக்காக. கடைசியில் அடக்க முடியாமல் வாய்விட்டு அழுதுவிட்டேன். டிரைவர் பயந்துபோய்த் தன் தண்ணீர்ப் பாட்டிலை என்னிடம் நீட்டினார், பாவம்.

டாக்டர் என்னைத் தனியாக அழைத்துப்போய் விளக்கினார். தூங்கும்போது தொண்டை உள்ளே தளர்ந்து மூடிக்கொள்ளுமாம். மூச்சு நிற்கும். மூளை அரண்டுபோய் ஆளை உசுப்பும், மூச்சு திரும்பும், மறுபடி மூடும். இரவு முழுக்க இதே கூத்து. தூங்கினோம் என்றுதான் ஆள் நினைப்பார், உடம்பு தூங்கியிருக்காது. அந்தத் தூக்கத்தை அது பகலில் கேட்டு வாங்கிக்கொள்ளும், வகுப்பாக இருந்தாலும் சரி, சாலையாக இருந்தாலும் சரி. உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் ஓர் இரவு ஆஸ்பத்திரியில் தலை, நெஞ்சு, விரல் எல்லாவற்றிலும் ஒயர் மாட்டிக்கொண்டு தூங்கிக் காட்ட வேண்டும். நோய் உறுதியானால், மூக்கில் குழாய் மாட்டிக் காற்றை ஊதுகிற ஒரு மெஷினோடு தினமும் தூங்க வேண்டுமாம். அதற்குக் கட்டில்கள் குறைவு, காத்திருக்கிற ஆட்கள் அதிகம். அதனால் இந்த நோய் உள்ளவர்களின் ரத்தத்தில் சில பொருள்கள் கூடுகின்றனவா, அதைப் பார்த்து யாரை முதலில் அனுப்புவது என்று பிரிக்க முடியுமா என்று ஆராய்கிறார்கள். நோயுள்ள ரத்தமும் வேண்டும், இல்லாத ரத்தமும் வேண்டுமாம். "என்னுடையதை எடுத்துக்கொள், என் மகனையும் பிடித்து வருகிறேன்" என்றேன். "ஆன்ட்டி, ஆட்டை இழுத்து வருகிற மாதிரி வரக் கூடாது, அவரே சம்மதிக்க வேண்டும்" என்று மலாயில் சொல்லிச் சிரித்தார்.

நீ சம்மதித்தாய். அதை மறைக்க மாட்டேன். தீபாவளி விடுப்பில் வெறும் வயிற்றோடு என் பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினாய். ஊசியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாய், ஆறு வயதிலும் அப்படித்தான். முடிந்ததும் ரொட்டி சானாய்க் கடைக்குப் போனோம். இரண்டாவது ரொட்டி வருவதற்குள் மேசையில் கையை ஊன்றித் தூங்கிவிட்டாய். சில வாரம் கழித்து டாக்டர் நம் இருவரையும் வரச் சொன்னார். என் ரத்தத்தில் ஒன்றுமில்லை. உன்னுடையதில் அளவு ஏறியிருந்தது. "இது தீர்ப்பு இல்லை, சந்தேகம் மட்டும்தான். ஏறாமல் இருந்திருந்தாலும் உங்கள் அறிகுறிகளைப் பார்த்து அனுப்பித்தான் இருப்பேன். இப்போது வரிசையில் உங்களை முன்னால் போடுகிறேன். சோதனை முடிகிற வரைக்கும் தூரப் பயணம் காடி ஓட்டாதீர்கள்" என்றார். அறையில் தலையை ஆட்டிவிட்டு, வெளியே வந்ததும் சாவியை எடுத்துக்கொண்டு நேரே பினாங்குக்குக் கிளம்பினாய். நீ போய்ச் சேர்ந்த செய்தி வரும்வரை நான் உட்காரவில்லை.

பிறகு போனில் நடந்த சண்டையைக் குழுவில் எல்லாருக்கும் சொல்கிறேன். "ஆராய்ச்சி லா அது! நம்மள வெச்சு வெள்ளோட்டம் பாக்கிறாங்க. ரத்தத்துல சீனி தெரியும், கொழுப்பு தெரியும், தூக்கமா தெரியும்? இதப் போயி வெளிய சொன்னீங்கன்னா உங்களத்தான் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்புவாங்க" என்றாய். அனுப்பட்டும், அந்தப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு நானே பஸ் ஏறிப் போவேன். "மூஞ்சில குழாய மாட்டிட்டுப் படுக்கிற மாப்பிள்ளைய எவ கட்டுவா?" என்றாய். அதையும் பொறுத்தேன். கடைசியாக ஒன்று சொன்னாய் பார், அதுதான் என்னைச் சுட்டது. "நான் அப்பா மாதிரி இல்லம்மா. ஒரு சொட்டு தொட்டதில்ல. எனக்கு ஒன்னும் ஆகாது" என்றாய்.

தம்பி, உன் அப்பாவும் ஒரு சொட்டுத் தொட்டதில்லை.

நிதானமாகப் படி. உன் அப்பா குடிகாரர் இல்லை. அவரைக் குடிகாரர் ஆக்கியது நான். என் அப்பா ரப்பர்த் தோட்டத்துக் கிராணி, யாழ்ப்பாணத்து மனுஷர், ஆபீஸ் மேசையில் பேரேடு எழுதிக்கொண்டிருந்தவர். உன் அப்பா அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளை, படித்து வாத்தியாராகிவிட்டார். அவரைத்தான் கட்டுவேன் என்று நான் நின்றபோது என் அப்பா கத்தவில்லை, அடிக்கவில்லை. "பிள்ளை, தோட்டத்துப் பெடியன் பின்னேரமானா எங்க நிப்பான் எண்டு எனக்குத் தெரியும். நீயும் ஒருநாள் தெரிஞ்சுகொள்ளுவாய்" என்று மட்டும் சொன்னார். கள்ளுக்கடையைச் சொன்னார். நான் அவரை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டேன், பெரிய வீராங்கனை என்று நினைப்பு. ஆனால் அந்த வார்த்தையையும் சீர்வரிசையோடு சேர்த்து எடுத்து வந்துவிட்டேன்.

உன் அப்பா தூங்கினார். பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் மேடையிலேயே தூங்கினார். ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குப் போன இடத்தில் என் அப்பா எதிரில் சோற்றில் கை வைத்தபடி தூங்கினார். என் அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார், அது போதாதா எனக்கு? காலையில் எழுந்தால் கண் சிவந்திருக்கும், தலைவலி என்பார், ஒரு ஜாடித் தண்ணீரை நின்றபடியே குடிப்பார். வாசனை வருகிறதா என்று சட்டையை மோந்து பார்த்தேன், வரவில்லை. வராததே எனக்குச் சாட்சியாகிவிட்டது, கெட்டிக்காரத்தனமாக மறைக்கிறார் என்று. மோட்டார் சைக்கிள் பெட்டியைத் திறந்து தேடினேன். சுண்ணாம்புக் கட்டிகளும் ஒரு பொட்டலம் இஞ்சி மிட்டாயும் இருந்தன. பிடிபட்டுவிட்டார், சம்சுச் சாராய வாடையை மறைக்க இஞ்சி மிட்டாய் என்று தீர்மானித்தேன். வழியில் தூங்காமல் இருக்க அந்த மனுஷர் அதை மென்றுகொண்டே ஓட்டியிருக்கிறார் என்று இப்போதுதான் புரிகிறது, தம்பி. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டப் பள்ளி வரைக்கும் தினம் போக வர. இதைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை, குற்றம் சாட்டினேன்.

ஒருநாள் வகுப்பில் தூங்கிவிட்டார் என்று தலைமையாசிரியர் பிள்ளைகள் முன்னாலேயே திட்டியிருக்கிறார். அன்று பள்ளி விட்டதும் அப்பா நேரே டவுனில் ஒரு கிளினிக்குக்குப் போய், தானாகவே கையை நீட்டி ரத்தம் கொடுத்து, சாராயம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார். முடிவு வந்ததும் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு சின்னப் பிள்ளை மார்க்கு அட்டையோடு வருகிற மாதிரி வந்தார். "பாரு கிராணி மகளே, இல்லைன்னு எழுதியே குடுத்துட்டாங்க!" என்றார். நான் அடுப்பிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்காமல், "அன்னிக்கு குடிக்கல, அவ்வளவுதானே?" என்றேன். அவர் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. இருபது வருஷமாக அந்த முகம் என்னை விட்டுப் போகவில்லை. நீ இப்போது ரத்தம் சொல்வதை நம்ப மாட்டேன் என்கிறாயே, அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று தேடாதே. அது என்னுடையது.

அதோடு விட்டேனா? சத்தியம் செய்தால்தான் ஆச்சு என்று தோட்டத்து முனியாண்டி கோயிலுக்கு இழுத்துப்போனேன். பூசாரி தட்டில் கற்பூரம் ஏற்றி நீட்டினார். "குடிக்காதத எப்படி லா விடுறது?" என்று உன் அப்பா பூசாரியைக் கேட்டார். பூசாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் இறுகி நின்றேன். "சரி, உனக்கு நிம்மதின்னா பண்றேன்" என்று, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, "இனிமே குடிக்க மாட்டேன்" என்று சொன்னார். வாழ்நாளில் குடிக்காத மனிதர் குடியை விடுவதாகச் சத்தியம் செய்தார். சண்டை ஓயட்டும் என்று. அடுத்த வாரமே பள்ளி விளையாட்டுப் போட்டியில் கூடாரத்தடியில் தூங்கினார். முனியாண்டி முன்னால் செய்த சத்தியத்தையே மீறிவிட்டாரே என்று உனக்கு அழுதபடி சொன்னேன். உனக்கு அப்போது பதின்மூன்று வயது. நீ அன்று அவருடன் பேசுவதை நிறுத்தினாய். அவர் உன்னிடம் எதையும் விளக்கவில்லை, அம்மா சொன்னதைப் பொய்யாக்க வேண்டாம் என்று விட்டுவிட்டார் போல.

மறுவருஷம் ஒரு புதன்கிழமை, பிற்பகல், நல்ல வெயில், நேர் சாலை. ஓரமாக நின்றிருந்த செம்பனைக் குலை ஏற்றிய லாரியின் பின்னால் மோட்டார் சைக்கிளோடு போய் மோதினார். பிரேக் பிடித்த தடமே இல்லை என்றார்கள். சாவு வீட்டில் உன் பெரியப்பா, "பகல்லயே போட்டுட்டு ஓட்டினா வேற என்ன ஆகும்?" என்றார். நீ கொள்ளிச்சட்டியோடு நின்று அதைக் கேட்டாய். நான் மறுக்கவில்லை, தம்பி. மறுக்கத் தோன்றவே இல்லை. அடுத்த மாதம் ஒரு மலாய்ப் போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று, "அக்கா, ரத்தம் சுத்தம், மது இல்லை" என்று சொல்லி அறிக்கையைக் கொடுத்தார். இரண்டாவது தடவையும் அவர் ரத்தம் உண்மையைச் சொன்னது. நான் அதை அலமாரியில் புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடமும். ஏன் தெரியுமா? அவர் குற்றவாளி இல்லை என்றால் நான் யார் என்ற கேள்வி வந்துவிடும். அதற்குப் பதில் சொல்லத் தைரியமில்லாமல், முன்பு எப்போதோ குடித்துச் சத்தியத்தை மீறியதற்கு முனியாண்டி கொடுத்த தண்டனை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். உன்னையும் அப்படியே நம்பவிட்டேன். குடிகாரன் மகன் என்ற பெயர் வரக் கூடாது என்று நீ நண்பர்கள் வீட்டு விருந்தில் பீர் கிளாஸைத் தள்ளி வைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

உன் அப்பாவுக்கு இந்த நோய்தான் என்று இன்று யாராலும் சோதித்துச் சொல்ல முடியாது, டாக்டரும் சொல்லவில்லை. ஆனால் குடி இல்லை என்பதற்குக் காகிதம் இருக்கிறது. அதைப் படம் எடுத்து இந்தக் கடிதத்தோடு சேர்த்துப் போடுகிறேன். உன் பெரியப்பா படித்துவிட்டுக் கும்பிடுகிற கைப் படம் போட்டுத் தப்பிக்க வேண்டாம். "என் தம்பி குடிக்கல" என்று மூன்று வார்த்தை அவர் கையாலேயே தட்டட்டும். சாவு வீட்டில் அத்தனை பேர் முன்னால் சொன்னதை அத்தனை பேர் முன்னாலேயே திருப்பி எடுக்கட்டும். சித்திமார் யாராவது இப்போது எதற்கு இதெல்லாம் என்று கேட்டால், இப்போதாவது என்பதுதான் என் பதில். எனக்கு அறுபத்தெட்டு வயது. மானம், மரியாதை, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதெல்லாம் எனக்குக் கொடுத்தது ஒரு பூட்டிய அலமாரிதான்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். ஆராய்ச்சிதானே என்கிறாய். ஆமாம், ஆராய்ச்சிதான். தப்பாகக்கூட இருக்கலாம், டாக்டரே சொன்னாரே. தப்பாக இருந்தால் உனக்கு என்ன போச்சு? ஓர் இரவு ஒயரோடு படுத்துவிட்டு, ஒன்றுமில்லை என்று எழுதி வாங்கி வந்து என் மூஞ்சியில் எறி. சந்தோஷமாகப் பொறுக்கிக்கொள்வேன். உன் அப்பா தன் ரத்தத்தோடு வந்து நின்றபோது நாங்கள் எல்லாரும் அதனிடம் கேட்டது ஒரே கேள்விதான், குடித்தாயா இல்லையா என்று. ஏன் இந்த மனுஷர் தூங்குகிறார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. உன் ரத்தத்திடம் முதல்முறையாக அதைக் கேட்கிறார்கள். அது ஒரு பக்கமாகக் கை காட்டுகிறது. நீ அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டேன் என்கிறாய், கல்யாணச் சட்டை கசங்கிவிடும் என்று.

கலை என்ன சொன்னாள் என்று உனக்குப் பயமாக இருக்கும். அவள் அப்பாவின் புத்தகக் கடையில் நோட்டுப் புத்தகங்களுக்கு விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை ஒட்டுவதை நிறுத்தவில்லை. பிறகு, "இதுக்கா அத்தை ஒரு வாரமா என்கிட்டயும் சரியா பேசல? குழாய மாட்டிட்டுத் தூங்கினா தூங்கட்டுமே. நான் என்ன அவரு மூக்கையா கட்டிக்கப் போறேன்?" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. "ஆனா என்கிட்ட மறைச்சதுக்கு மன்னிப்பு கேக்கணும். டெஸ்ட்டுக்கு வரலைன்னா தாலி கட்டவும் வர வேணாம்னு சொல்லிருங்க. காடில அவரு பக்கத்துல உக்காரப் போறது நாந்தானே?" என்றாள். நான் உன் அப்பாவிடம் கேட்டிருக்க வேண்டிய மாதிரி அவள் கேட்கிறாள். நல்ல பெண்ணாகப் பார்த்துத்தான் பிடித்திருக்கிறாய்.

வருகிற வியாழக்கிழமை மாலை ஆஸ்பத்திரியில் உனக்குக் கட்டில் கிடைத்திருக்கிறது. நீ போன் எடுக்காததால் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "வருவான்" என்று உன்னைக் கேட்காமலே சொல்லிவிட்டேன். கலை கடைக்கு லீவு சொல்லிவிட்டாள், வாசலில் நிற்பாள். என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் சொல், நான் வீட்டிலேயே இருந்துகொள்கிறேன். குழுவை விட்டு வெளியேறு, கல்யாணம் வரைக்கும் பேசாதே, அப்பாவைப் பற்றி இத்தனை வருஷம் பொய்யில் வளர்த்தவள் என்று வாய்க்கு வந்தபடி திட்டு. எல்லாவற்றுக்கும் உனக்கு உரிமை இருக்கிறது. கோபத்தோடேயே வா. காடியைப் பினாங்கிலேயே விட்டுவிட்டு, பஸ்ஸில் வா.

அம்மா